நூறில் வைத்த வானொலி

பகல் பன்னிரண்டரை மணி. ஆம், பகல்தான். பேய் என்றால் இரவில்தான் வரும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நம்முடைய ஆட்கள் உச்சிப்பொழுதுக்குப் பயந்தது சும்மா இல்லை.

திருகோணமலையில், சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் இருக்கிற காடு தெரியும்தானே. அதை ஒட்டி ஒரு கிரவல் ரோடு போகிறது. ஒரு பக்கம் கம்பிவேலி. மறுபக்கம் பற்றைக்காடு. அந்த நேரத்தில் அதில் ஒரு சைக்கிள்கூடப் போகாது. வெயிலில் கம்பி காய்ந்து, 'டிக்... டிக்...' என்று தனக்குள் சத்தம் போடும். அவ்வளவுதான். அந்த ரோட்டின் முடிவில் இரண்டே இரண்டு வீடுகள்.

மெழுகுதிரியை நடுவில் தள்ளி வையுங்கள். கதவடியில் இருக்கிறவர் இந்தப் பக்கம் வாருங்கள். கரண்ட் இப்போதைக்கு வராது.

என்னோடு கடையில் வேலை செய்கிற யதுர்சனை உங்களில் இரண்டு பேருக்குத் தெரியும். கணினி திருத்துகிறவன். இது அவனுடைய பெரியப்பாவுக்கு நடந்தது. பாதி அவன் சொல்லக் கேட்டேன். மீதி நான் என் கண்ணால் கண்டது.

பெரியப்பாவின் பெயர் சிவகுருநாதன். அரசாங்கக் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத சேட். சங்கீதம் என்றால் பைத்தியம். இன்டர்நெட்டில் நாள் முழுக்கக் கர்நாடக சங்கீதம் போடுகிற வானொலி இருக்கிறதே, அதை ஒரு லப்டொப்பில் போட்டு முன்னறையில் வைத்திருப்பார். சத்தம் நூறில் இருக்கும். ரோட்டின் தொடக்கத்திலேயே வீணை கேட்கும்.

பெரியம்மா கமலேஸ்வரி. யதுர்சனின் அம்மாவுக்கு மூத்தவர். பாரிசவாதம் வந்து ஆறு வருடம் பின்னறைக் கட்டிலில் கிடந்தார். வலக் கையும் காலும் போய்விட்டன. பேச்சும் போய்விட்டது. ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது.

"இஞ்சாருங்கோ."

கல்யாணம் கட்டிய நாளிலிருந்து புருசனைக் கூப்பிட்ட சொல். அது மட்டும் எப்படியோ நாக்கில் தங்கிவிட்டது. தண்ணீர் வேண்டுமென்றாலும் இஞ்சாருங்கோ. முதுகு நொந்தாலும் இஞ்சாருங்கோ. சீலை நனைந்தாலும் அதுதான்.

சொந்தத்தில் எல்லோரும் பெரியப்பாவைப் புகழ்வார்கள். "படுக்கையில கிடக்கிற மனுசிக்கு நாள் முழுக்கப் பாட்டுப் போட்டு விடுறார். இப்பிடி ஒரு புருசன் ஆருக்குக் கிடைக்கும்?" யதுர்சனின் அம்மா டெலிபோன் எடுத்தால் வாயலின் சத்தத்துக்கு மேலால் கத்தித்தான் கதைக்க வேண்டும். அவரும் கோபிக்கமாட்டார். அத்தானுக்கு அக்காவில் எவ்வளவு பட்சம் என்று கண்ணைத் துடைப்பார். யாராவது சத்தத்தைப் பற்றிக் கேட்டால் பெரியப்பா சிரித்துக்கொண்டு சொல்லுவாராம். "அவள் பாட்டுக் கேக்கட்டும்."

போன பங்குனியில் பெரியம்மா செத்துப்போனார். நித்திரையில் போனதாகச் சொன்னார் பெரியப்பா. செத்தவீட்டுக்கு நானும் போனேன். பெரியம்மாவின் உதடு வெடித்து, காய்ந்த தோல் தூக்கிக்கொண்டு நின்றது. யாரோ அதில் வஸ்லின் களிம்பு பூசினார்கள். நான் அதைப் பற்றி அப்போது ஒன்றும் யோசிக்கவில்லை.

நாலு மாதம் போனது. ஆடி மாதம் ஒரு புதன்கிழமை. பெரியப்பா கடைக்குப் போன் கோல் எடுத்தார்.

"யது, லப்டொப்பில சத்தம் குறைஞ்சு போச்சு. ஒருக்கா வந்து பார்."

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் யதுர்சன் மோட்டார் சைக்கிளில் போனான். அப்போதுதான் நான் சொன்ன அந்தப் பன்னிரண்டரை மணி. வீடு உள்ளால் பூட்டிக் கிடந்தது; தட்டத்தான் பெரியப்பா திறந்தார். எல்லா யன்னலும் சாத்தியிருந்தன. உள்ளே புழுக்கம். நோவுக்குத் தடவுகிற நோ எண்ணெய் மணம்... பெரியம்மாவுக்குப் பூசுகிற அதே எண்ணெய். நாலு மாதமாக அந்த வீட்டில் ஒருவரும் எண்ணெய் பூசவில்லை.

பெரியப்பா மெலிந்துபோயிருந்தார். தாடி வளர்ந்திருந்தது. லப்டொப்பைக் காட்டினார். பாட்டுப் போய்க்கொண்டிருந்தது. நூறில். ஆனால் நாலு வீடு தள்ளி யாரோ பாடுவது மாதிரி.

இது எங்களுக்குப் பழகின வேலை. முதலில் வானொலியின் இணையப் பக்கத்தில் இருக்கிற சத்தக் கோட்டைப் பார்க்க வேண்டும். முழுதாக இருந்தது. பிறகு மிக்சரைத் திறந்து, பிரவுசரின் சத்தம் தனியாகக் குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுவும் முழுது. ஹெட்போன் ஓட்டைக்குள் தூசி அடைந்திருக்கலாம். ஊதினான். டிரைவரைக் கழற்றித் திரும்பப் போட்டான். பையில் கொண்டுபோன ஸ்பீக்கரைக் கொழுவினான். அதிலும் அதே சத்தம்.

அந்த நேரம் பக்கத்தில் இருக்கிற விமானப்படைத் தளத்திலிருந்து ஒரு பயிற்சி விமானம் கிளம்பிக் கூரைக்கு மேலாகப் போனது. யன்னல் கண்ணாடியால் பார்த்தான். வயிறு தெரிகிற உயரம். கண்ணாடி அதிர்ந்தது. ஆனால் உள்ளே... ஒரு தும்பி பறந்த அளவு சத்தம்தான்.

"டிவியும் இப்பிடித்தான்," என்றார் பெரியப்பா. "இந்த வீட்டுக்குள்ள ஒண்டும் கேக்குதில்லை."

யதுர்சன் விடவில்லை. கணினியில் இன்னொரு அமைப்பு இருக்கிறது. யாரோ கோலில் கூப்பிடுகிறார்கள் என்று கணினி நினைத்தால், அந்தக் குரல் விளங்குவதற்காக மற்றச் சத்தங்களை எண்பது வீதம் குறைத்துவிடும். அநேகமான ஆட்களுக்கு அது இருப்பதே தெரியாது. அதைத் திறந்து பார்த்தான்.

"பெரியப்பா, இதில ஆரோடயும் கோல் கதைச்சனீங்களோ?"

"இல்லையே."

"கோல் ஒண்டு போய்க்கொண்டிருக்கு எண்டு காட்டுது. அதுதான் பாட்டைக் குறைச்சு வைச்சிருக்கு."

அந்த அமைப்பை நிறுத்தினான். அது தானாகத் திரும்ப வந்தது. மறுபடி நிறுத்தினான். மறுபடி வந்தது. சரி, மைக்கைப் பார்ப்போம் என்று திறந்தான். மைக்குக்குப் பக்கத்தில் ஒரு பச்சைக் கோடு இருக்கும். யாராவது பேசினால் அது ஏறி இறங்கும். அறைக்குள் இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. மின்விசிறியும் ஓடவில்லை. பாட்டோ மைக் பிடிக்காத அளவு மெல்லியது.

கோடு ஏறியது. இறங்கியது. நாலு தரம். பிறகு ஒரு நிறுத்தம்.

மறுபடி நாலு தரம். நிறுத்தம்.

யதுர்சன் மைக்கை முற்றாக நிறுத்தினான். கோடு நிற்கவில்லை. நாலு தரம்... நிறுத்தம். நாலு தரம்... நிறுத்தம்.

அவன் ஹெட்போனைக் கொழுவிக் காதில் வைத்தான். முதலில் வீணை. மெல்லியதாக. அதற்குக் கீழே, நீளமான நடையோடையின் அந்த முனையில் இருந்து வருவது மாதிரி...

"இஞ்... சா... ருங்... கோ..."

கழற்றினான். அறைக்குள் ஒரு சத்தமும் இல்லை. பின்னறைக் கதவு பூட்டியிருந்தது. வெளிப்பக்கத்தால் கொண்டி போட்டு, அதற்கு முன்னால் ஒரு அலுமாரியை இழுத்து வைத்திருந்தார் பெரியப்பா. திரும்பக் காதில் வைத்தான். இப்போது கொஞ்சம் கிட்டக் கேட்டது. தொண்டை வறண்ட குரல். கோபமில்லை, அழுகையில்லை. ஒரே அளவாக, ஒரே இடைவெளி விட்டு.

அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியப்பா மெதுவாகக் கேட்டார்.

"உனக்கும் கேட்டதோ?"

யதுர்சன் தலையை ஆட்டினான்.

"அதுதான் தம்பி, உன்னைக் கூப்பிட்டனான். எப்பிடியாவது சத்தத்தைக் கூட்டித் தா. முந்தி நூறில விட்டா அவள் கூப்பிடுறது கேக்காது."

சொன்ன பிறகுதான், என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கு விளங்கியது. வாயை மூடிக்கொண்டார். பிந்திவிட்டது.

"முந்தி எண்டா எப்ப, பெரியப்பா?"

அவர் கதிரையில் இருந்தார். வேட்டித் தலைப்பை விரலில் சுற்றினார். அவிழ்த்தார். சுற்றினார்.

"ஒருக்கா எழும்பிப் போனா பத்துத் தரம் எழும்ப வேணும், யது. ஆறு வருசம். உங்கள் ஒருத்தருக்கும் தெரியாது. பாட்டை விட்டா எனக்குக் கேக்காது. கேக்காட்டி நான் போகத் தேவையில்லைத்தானே."

"பெரியம்மா நித்திரையில போனவ எண்டீங்கள்."

"கட்டிலால விழுந்தவள். வியாழக்கிழமை மத்தியானம். நான் சத்தத்தைக் கூட்டினன். விழுந்தது எண்டு எனக்குத் தெரியாது, சத்தியமா."

"எப்ப போய்ப் பாத்தனீங்கள்?"

யதுர்சன் திரும்பக் கேட்டான். மூன்றாம் தரம் கேட்ட பிறகு சொன்னார்.

"வெள்ளிக்கிழமை பின்னேரம்."

யதுர்சன் லப்டொப்பை நிறுத்தினான். சின்ன வயதில் அம்மா வேலைக்குப் போனால் அவனைக் குளிக்கவார்த்துச் சோறு தீத்தியது பெரியம்மாதான். வயரைக் கழற்றினான். லப்டொப்பை மூடிப் பையில் வைத்தான். பெரியப்பா எழும்பி ஓடிவந்து பையைப் பிடித்தார்.

"கொண்டு போகாத தம்பி. இந்தக் கொஞ்சச் சத்தமும் இல்லாட்டி நான் எப்பிடி இருக்கிறது? முழுக்கக் கேக்கும்..."

"கடையில வைச்சுத்தான் திருத்த வேணும். நாளைக்குக் கொண்டு வாறன்."

அது பொய். சொல்லும்போதே பொய் என்று தனக்குத் தெரியும் என்று பிறகு என்னிடம் சொன்னான். கேற்றைச் சாத்தும்போது திரும்பிப் பார்த்தான். பெரியப்பா இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டு வாசலில் நின்றார்.

கடைக்கு வந்து லப்டொப்பைப் போட்டுப் பார்த்தோம். கடை இருக்கிற டொக்யார்ட் வீதியே திரும்பிப் பார்க்கிற மாதிரி அலறியது. ஒரு பழுதும் இல்லை. அப்போதுதான் அவன் எனக்கு எல்லாவற்றையும் சொன்னான். சொல்லிவிட்டு ஸ்குறூட்ரைவரை எடுத்து அந்த லப்டொப்பைக் கழற்றத் தொடங்கினான். ஏன் என்று நான் கேட்கவில்லை. பற்றரியைக் கழற்றினான். இரண்டு ஸ்பீக்கரையும் பிடுங்கினான். பின்னேரம் கடை பூட்டும்போது அது அவன் மேசையில் துண்டு துண்டாகக் கிடந்தது.

அடுத்த நாள் வியாழக்கிழமை. மத்தியானம் யதுர்சனின் போன் அடித்தது. அவன் கையில் பிறின்ரர் மை. அதனால் போனை மேசையில் வைத்து வெளிச் சத்தத்தில் விட்டான். பக்கத்து வீட்டு நஜ்முன் நிஸா. கிண்ணியாவில் இருந்து வந்து அங்கே குடியிருக்கிற குடும்பம். நல்ல மனுசி. அவர்கள் பேச்சில் 'சொல்' என்பது 'செல்' என்றுதான் வரும்.

"தம்பி, உங்கட பெரியப்பாக்கிட்டக் கொஞ்சம் செல்லுங்க. பாட்டுச் சத்தம் தாங்க ஏலாம இரிக்கி. மகள்ட புள்ள உறங்குதில்ல. கேற்றத் தட்டினா அவருக்குக் கேக்குதுமில்ல."

அவர் கதைக்கும்போதே பின்னால் கேட்டது. வீணை. போனுக்குள்ளால்கூட மேசை அதிர்ந்தது.

நான் யதுர்சனைப் பார்த்தேன். அவன் மேசையைப் பார்த்தான். பற்றரி ஒரு பக்கம். இரண்டு ஸ்பீக்கரும் ஒரு பக்கம். வயர் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

"சரி மாமி. சொல்லுறன்," என்றான்.

வைத்துவிட்டுப் பிறின்ரரைத் திருப்பினான்.

"போய்ப் பாக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

பிறின்ரரின் மூடியைத் திருகிப் பூட்டினான். பிறகு சொன்னான்.

"அவர் பாட்டுக் கேக்கட்டும்."

நானும் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். தனியாகப் பஸ் எடுத்தாவது போயிருக்கலாம். அந்தப் பெரியம்மாவின் உதடு எனக்கு ஞாபகம் வந்தது. நானும் கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்துவிட்டேன். இதை இன்றைக்குத்தான் முதல்முதலாக வெளியில் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை மாமி திரும்ப எடுத்தார். இரவு முழுக்க ஒரு நிமிடம்கூட நிற்கவில்லையாம். யதுர்சன் மறுபடி "சொல்லுறன்" என்றான். மத்தியானம் இன்னொரு தரம் அடித்தது. அவன் போனைக் கவிழ்த்து வைத்தான். நாலரை மணிக்குத் திடீரென்று எழும்பினான். முகம் சாம்பல் மாதிரி.

"நிவேதிகா, நீயும் வாறியா? எனக்குத் தனியப் போகேலாது."

போனோம். கிரவல் ரோட்டில் திரும்பியதுமே கேட்டது. தாங்கிகளின் தகரத்தில் மோதி, காட்டுக்குள் எதிரொலித்து... வீணையும் மிருதங்கமும். நெஞ்சுக்குள் இடிக்கிற சத்தம். நஜ்முன் நிஸா மாமியும் மகள் ரிஸ்னாவும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியில் நின்றார்கள். பிள்ளையின் காதுக்குள் பஞ்சு. மாமி ஏதோ சொன்னார், வாய் அசைந்தது மட்டும்தான் தெரிந்தது.

யதுர்சன் கேற்றில் கை வைத்தான்.

நின்றது.

குறைந்து, தேய்ந்து நிற்கவில்லை. வெட்டினது மாதிரி. அந்த அமைதியில் கேற் கிரீச்சிட்டது எல்லோருக்கும் கேட்டது.

தட்டினோம். கூப்பிட்டோம். பதில் இல்லை. மாமியின் புருசன் அலவாங்குக் கம்பியைக் கொண்டுவந்து பின்பக்கக் குசினிக் கதவைப் பெயர்த்தார். நோ எண்ணெய் மணம் மூக்கில் அடித்தது. அதோடு மூத்திர வாடை. முன்னறையில் ஒருவரும் இல்லை. பின்னறை அலுமாரி தள்ளி வைக்கப்பட்டிருந்தது. கொண்டி திறந்திருந்தது.

பெரியப்பா பெரியம்மாவின் கட்டிலுக்குக் கீழே கிடந்தார். இடுப்பு எலும்பு உடைந்து, கால் ஒரு பக்கம் திரும்பிக் கிடந்தது. நாலு மாதமாக எட்டியும் பார்க்காத அறைக்குள் அவர் ஏன் போனார் என்று எனக்குத் தெரியாது. அலுமாரியை அந்த மனுசன் தனியாக எப்படி நகர்த்தினார் என்றும் தெரியாது.

உயிர் இருந்தது. கண் திறந்திருந்தது. உதடு வெடித்து இரத்தம் காய்ந்திருந்தது. அவர் கைக்கு எட்டாத தூரத்தில், சரியாக ஒரு சாண் தள்ளி, நிலத்தில் ஒரு கிளாஸ் தண்ணீர். விளிம்பு வரைக்கும் நிரம்பி, ஒரு துளி சிந்தாமல்.

எங்களைக் கண்டதும் அவர் வாயைத் திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. நெஞ்சு ஏறி இறங்கியது. கத்துகிறார், பலம் கொண்ட மட்டும் கத்துகிறார் என்று பார்க்கவே தெரிந்தது. நான் குனிந்து அவர் வாயடியில் காதை வைத்தேன். ஒன்றுமில்லை. மூச்சுச் சத்தம்கூட இல்லை.

மாமி தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "அல்லாவே, நாங்க பக்கத்திலதானே இருந்த..."

ஆஸ்பத்திரியில் தொண்டையைச் சோதித்தார்கள். ஒரு பழுதும் இல்லை என்றார்கள். ஒன்பது நாள் இருந்தார். ஒன்பது நாளும் வாய் திறந்து திறந்து மூடியது. நேர்ஸ்மார் அவர் எப்போது கூப்பிட்டார் என்று தெரியாமல் தாண்டித் தாண்டிப் போனார்கள். யதுர்சன் ஒவ்வொரு நாளும் பின்னேரம் போய்க் கட்டிலடியில் இருந்தான். கரண்டியால் தண்ணீர் பருக்கினான். ஒரு நாள்கூட அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பத்தாம் நாள் விடிய அவர் போய்விட்டார்.

தான் போகாமல் விட்டதுதான் அவரைக் கொன்றதா என்று யதுர்சன் ஒரு தரம் என்னிடம் கேட்டான். நானும் போகவில்லைத்தானே.

அவருடைய முப்பத்தோராம் நாள் கிருத்தியச் சாப்பாட்டுக்கு யதுர்சன் வீட்டில் மாமி வீட்டாரையும் கூப்பிட்டிருந்தார்கள். மரக்கறிச் சாப்பாடு. எல்லோரும் கை கழுவின பிறகு, ரிஸ்னா பிள்ளையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"அக்கா, அந்த ரேடியோவில பேசுற பொம்புள ஆரு? நல்ல குரல், தொண்டதான் கொஞ்சம் வறண்ட மாதிரி."

"அதில ஒருத்தரும் கதைக்கிறேல்லை, ரிஸ்னா. பாட்டு மட்டும்தான் போகும்."

"இல்லக்கா. ஒவ்வொரு பாட்டும் முடிய வந்து நேரம் செல்லுவா. அந்த ரெண்டு நாளும் சென்னா. புள்ளைய வெச்சிக்கிட்டு முழிச்சித்தானே இருந்த, எல்லாம் கேட்ட."

யதுர்சன் கையில் இருந்த தட்டை மெதுவாகக் கீழே வைத்தான்.

"நேரம் மட்டுமோ சொன்னவ?" என்று கேட்டேன்.

ரிஸ்னா பிள்ளையைத் தோளுக்கு மாற்றினாள். கொஞ்சம் யோசித்தாள்.

"நேரத்தச் செல்லிட்டு, ஒவ்வொரு தரமும் ஒரே மாதிரித்தான் முடிப்பா. 'இப்பொழுது நேரம் ரெண்டு மணி. இன்னும் உயிர் இருக்கு.' பொறகு அடுத்த பாட்டு."